மழைமானி ரெப்போவை ‘எச்டிஎம்எல் 96.9’ என்கிறது கிட்ஹப். மொழிப் பட்டையையும் வண்ணத்தையும் திருத்துவது எப்படி?

குலசேகரம்மழை
எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். தோட்டம் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். இங்கே காய்ந்து கிடக்கும் ராத்திரியில் அங்கே கொட்டியிருக்கும். மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்டின பால் கோப்பைக்கு வராமல் மரத்தில் பரவி வீணாகும். மூன்று மணிக்கு எழுந்து போய்விட்டுச் சும்மா திரும்பி வருவார். அதற்காக நானும் ஒரு நண்பனும் ஈஎஸ்பி32 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் மழைமானி ஒன்று செய்து தோட்டத்தில் வைத்திருக்கிறோம். மழை விழுந்தால் போனில் தெரியும்.

நிரல் முழுக்க சி பிளஸ் பிளஸ். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு ரெப்போவாக (கோப்புத் தொகுப்பாக) ஏற்றினால், எந்த மொழி எத்தனை சதவீதம் என்று காட்டும் பட்டை சொல்வது: எச்டிஎம்எல் 96.9, ஜூப்பிட்டர் நோட்புக் 1.6, சி 1.3, சி பிளஸ் பிளஸ் 0.2. போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தவர் அந்தப் பட்டையை மட்டும் பார்த்துவிட்டு “ஓ, வெப்பேஜ் புராஜெக்டா” என்றார். மழைமானியை மேசையில் வைத்த பிறகும் அவர் முகம் மாறவில்லை.

இன்னொன்று, எச் என்று முடியும் கோப்புகள் எல்லாம் சி என்று காட்டி, கோப்பைத் திறந்தால் நிரல் சொற்களுக்கான நிறமும் பாதிதான் வருகிறது. விஎஸ் கோடில் வலது கீழ் மூலையில் சி பிளஸ் பிளஸ் என்று மாற்றிப் பார்த்தேன். கிட்ஹப்பில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம், எந்தக் கோப்பை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்கிற கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு ஒன்று எழுதினேன். அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. என்ன தப்பு?

முப்பந்தல்காத்தாடி
விஎஸ் கோடில் மாற்றினது உன் கம்ப்யூட்டருக்கு மட்டும் மக்கா. உன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தால் பக்கத்து வீடு வெளுக்காது. கிட்ஹப் தன் கண்ணால்தான் பார்க்கும்.

எச்டிஎம்எல் எங்கிருந்து அவ்வளவு வந்தது? ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது, சொல்.

குலசேகரம்மழை
நான்கு மாத மழை வரைபடம், ப்ளாட்லி என்ற வரைபட நூலகத்தில் போட்டு எச்டிஎம்எல்லாகச் சேமித்தது, நான்கு கோப்பு. ‘ரிப்போர்ட்ஸ்’ ஃபோல்டரில் இருக்கிறது. ஒவ்வொன்றும் மூன்றரை எம்பி. அது போக நான் கையால் எழுதின இண்டெக்ஸ் பக்கம் 22 கேபி. ஜூப்பிட்டர் நோட்புக் (நிரலும் அதன் வெளியீடும் ஒரே கோப்பில்) ஒன்று, 230 கேபி. ஐஎன்ஓ, சிபிபி எல்லாம் சேர்த்து 28 கேபிதான் இருக்கும். எச் கோப்புகள் 190 கேபி.

வடசேரிச்சந்தை
தம்பி, நான் நாகர்கோவிலிலிருந்து தினம் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய்வருகிற ஆள். பாறசாலை தாண்டினால் சிக்னல் போய்விடும், அதற்குள் எழுதுகிறேன். போனில் தமிழ் கீபோர்ட் மட்டும்தான் இருக்கிறது. நிரல் வரிகளை வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கிட்ஹப்புக்காக மொழியைக் கண்டுபிடிப்பது லிங்குவிஸ்ட் என்ற ரூபி நூலகம். திறந்த மூலம், யாரும் பிரித்துப் பார்க்கலாம். ஒரு கோப்பை எடுத்ததும் முதலில் விம், ஈமேக்ஸ் எடிட்டர்காரர்கள் ‘இது இன்ன மொழி’ என்று கோப்புக்குள் எழுதி வைக்கிற மோட்லைன் இருக்கிறதா என்று பார்க்கும். அடுத்து மேக்ஃபைல் மாதிரி முழுப்பெயரே தெரிந்த பெயரா என்று. அப்புறம் முதல் வரியில் ஷெபாங், அதாவது எதை வைத்து ஓட்டுவது என்று சொல்கிற வரி. அதற்கும் பிறகுதான் எக்ஸ்டென்ஷன், கோப்புப் பெயரின் வால். ஒரே எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டு மூன்று மொழி உரிமை கொண்டாடினால் கோப்புக்குள் எட்டிப் பார்த்து அடையாள வரிகளைத் தேடும். அதிலும் தீரவில்லை என்றால் கடைசியாக, தன்னிடம் உள்ள மாதிரிக் கோப்புகளோடு ஒப்பிட்டு ஓர் ஊகம்.

உன் எச் கோப்புக்கு மூன்று பேர் உரிமைக்காரர்கள்: சி, சி பிளஸ் பிளஸ், அப்ஜெக்டிவ் சி. உள்ளே கிளாஸ், டெம்ப்ளேட், நேம்ஸ்பேஸ் என்று ஏதாவது வரி தொடங்கியிருந்தால் சி பிளஸ் பிளஸ் என்று பிடித்துக்கொள்ளும். உன் கான்ஃபிக் கோப்பில் வெறும் டிஃபைன் வரிகள்தானே இருக்கும்? அதைப் பார்த்து சி என்றது தப்பே இல்லை. நானாயிருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

பட்டையின் சதவீதம் பைட் கணக்கு. எத்தனை வரி, எத்தனை கோப்பு, நீ எத்தனை ராத்திரி முழித்தாய் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நிரல்மொழியும் மார்க்அப்பும் கணக்கில் வரும். ஜேசன், யாமல், மார்க்டவுன் மாதிரி தரவும் உரைநடையும் வராது. நோட்மாட்யூல்ஸ், வெண்டர் என்ற பெயர் உள்ள ஃபோல்டர்களை இரவல் சாமான் என்று தானாகவே ஒதுக்கிவிடும். டாக்ஸ், எக்ஸாம்பிள்ஸ் என்று இருந்தால் ஆவணம் என்று ஒதுக்கும். உன் ஃபோல்டர் பெயர் ரிப்போர்ட்ஸ், அதனால் மாட்டிக்கொண்டது. ப்ளாட்லி எச்டிஎம்எல் மூன்றரை எம்பி என்றால் அதில் மூன்று எம்பிக்கு மேல் ப்ளாட்லியின் சொந்த ஜாவாஸ்கிரிப்ட்தான். உன் மழை அதில் ஒரு துளி.

நீ எழுதின கிட்ஆட்ரிபியூட்ஸை அப்படியே காட்டு.

குலசேகரம்மழை
நன்றி அண்ணே. இரண்டு வரிதான்.
முதல் வரி: ரிப்போர்ட்ஸ், சாய்கோடு, இடைவெளி, லிங்குவிஸ்ட் ஹைஃபன் வெண்டர்ட்.
இரண்டாவது: நட்சத்திரம் புள்ளி எச், இடைவெளி, லிங்குவிஸ்ட் ஹைஃபன் லாங்குவேஜ், சமக்குறி, சி பிளஸ் பிளஸ்.
நோட்பேடில் எழுதி, டெவ் கிளையில் புஷ் பண்ணினேன்.

வடசேரிச்சந்தை
இரண்டு வரியில் மூன்று தப்பு, கெட்டிக்காரன்தான்.

ஒன்று, நோட்பேட். கோப்பின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒட்டவைத்திருக்கும், விண்டோஸ் அதை மறைத்து வைக்கும். எக்ஸ்ப்ளோரரில் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிப் பார்.

இரண்டு, கிளை. பட்டை டிஃபால்ட் கிளைக்கு, உனக்கு மெயின், மட்டும்தான் கணக்குப் போடும். மெயினில் சேர்ந்தால்தான் உண்டு. சேர்ந்தாலும் உடனே மாறாது, பின்னணியில் வரிசையில் நிற்கிற வேலை அது. ஒரு டீ குடித்துவிட்டு வா.

மூன்று, அந்தச் சாய்கோடு. எந்தக் கோப்புகளைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்கிற கிட்இக்னோரில் ஃபோல்டர் பெயரும் சாய்கோடும் போதும், உள்ளே இருப்பதெல்லாம் அடங்கிவிடும். கிட்ஆட்ரிபியூட்ஸில் அடங்காது. ஃபோல்டர் பெயர், சாய்கோடு, இரட்டை நட்சத்திரம் என்று போட வேண்டும். இரண்டு கோப்பும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், குணம் வேறு. ஆச்சரியக்குறி போட்டு விலக்கு சொல்வதும் இதில் நடக்காது. ஒரே கோப்புக்கு இரண்டு வரி பொருந்தினால் கீழே இருக்கிற வரிக்குத்தான் பலம்.

புஷ் பண்ணுமுன் உன் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம். கிட், இடைவெளி, செக் ஹைஃபன் ஆட்டர், இடைவெளி, பண்பின் பெயர், இடைவெளி, கோப்பின் பெயர். வரி ஒட்டியிருந்தால் மதிப்பைச் சொல்லும், ஒட்டாவிட்டால் ‘அன்ஸ்பெசிஃபைட்’ என்று வரும். இதைச் செய்யாமல் பத்து முறை புஷ் பண்ணி, கமிட் வரலாறு முழுக்க “பட்டை சரி”, “பட்டை மறுபடி சரி”, “சவம் இப்பவாவது” என்று எழுதி வைத்தவன் நான்.

முப்பந்தல்காத்தாடி
சும்மா கேட்கிறேன். காற்றாலைத் தரவுக்கு நான் மேட்லாப் எழுதுகிறேன், எம் என்று முடியும். அதில் ஒரு கோப்பை மட்டும் அப்ஜெக்டிவ் சி என்றது. ஆப்பிள் போன் ஒன்றைக்கூட நான் தொட்டது கிடையாது.

வடசேரிச்சந்தை
எம் என்ற எழுத்துக்கு மேட்லாப், அப்ஜெக்டிவ் சி, மேதமேட்டிகா, மெர்க்குரி என்று பெரிய கூட்டமே உண்டு அண்ணாச்சி. சின்னக் கோப்பாக இருந்தால் ஊகிக்க அதற்குப் பிடி கிடைக்காது. நட்சத்திரம் புள்ளி எம், லிங்குவிஸ்ட் லாங்குவேஜ் சமம் மேட்லாப். ஒரே வரியில் முடிந்தது.

தக்கலைடீச்சர்
இந்த இழை என் பிரச்சினைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழில் சொல்லிக்கொடுக்கிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கின தமிழ் நிரல்மொழி, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே பைத்தானில் எழுதப்பட்டது. ‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டும், ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்று நிபந்தனை எழுதலாம். கோப்பின் பெயர் ஆங்கில என் எழுத்தில் முடியும்.

பிள்ளைகளின் பயிற்சியை ரெப்போவில் போட்டேன். நெமெர்லே என்று வந்தது. ஒரு பெண்பிள்ளை “டீச்சர், நெமெர்லே யாரு?” என்று கேட்டாள். தேடிப் பார்த்தால் போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்தில் பிறந்த டாட்நெட் மொழியாம். தமிழில் ‘பதிப்பி’ என்று எழுதியிருக்கிற கோப்பைப் பார்த்து இப்படியும் தோன்றுமா!

இன்னொன்று, கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தோம். கிட் ஸ்டேட்டஸ் அடித்தால் பெயருக்குப் பதில் சாய்கோடும் எண்ணுமாக ஒரு வரி வருகிறது. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

வடசேரிச்சந்தை
டீச்சர், அந்த எண்கள் பயப்பட ஒன்றுமில்லை. கோர் புள்ளி கோட்பாத் என்ற கிட் அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்துவிடுங்கள், பெயர் தமிழிலேயே தெரியும்.

நெமெர்லே விஷயம்: அந்த எக்ஸ்டென்ஷனுக்கு லிங்குவிஸ்ட் பட்டியலில் இரண்டு பேர்தான், நெமெர்லேயும் ராஃபும். ராஃப் என்பது யூனிக்ஸ் மேன் பக்கங்கள் எழுதுகிற பழைய மொழி. எழில் பட்டியலிலேயே இல்லை. இல்லாத பெயரை எழுதினால் எடுபடாது. பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான ரெப்போக்களில் புழங்குகிற மொழி என்று காட்டினால்தான் சேர்ப்பார்கள். இருப்பதற்குள் பைத்தான் என்று எழுதுங்கள். மேற்கோளுக்குள் இருப்பதும் எண்களும் ஹேஷ் போட்ட குறிப்பும் நிறம் பிடிக்கும். ‘பதிப்பி’ கறுப்பாகவே நிற்கும், அதற்கு வழியில்லை.

கொளச்சல்கரை
கொஞ்சம் நில்லுங்கள். எழிலைப் பைத்தான் என்று எழுதுவது சரியா? மழைமானித் தம்பிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பட்டையைப் பார்த்து ஆள் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இஷ்டத்துக்கு மாற்றினால் அது பொய்தானே?

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன், பிஎச்பி கோப்பெல்லாவற்றுக்கும் ரஸ்ட் என்று ஒரு வரி போட்டுவிட்டான். பட்டை நூறு சதம் ரஸ்ட். இன்டர்வியூவுக்கு வந்தவன் அல்ல, உள்ளே இருந்தவன். பதவி உயர்வுப் பேச்சில் அந்தப் பக்கத்தைக் காட்டினான். மேலாளருக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கு வந்தது, ஏனென்றால் கோப்பைத் திறந்தால் டாலர் குறியெல்லாம் கன்னாபின்னா நிறத்தில் இருந்தது.

தக்கலைடீச்சர்
எனக்கும் அது உறுத்துகிறது. பிள்ளைகள் எழுதினது எழில். பைத்தான் என்று பட்டையில் வந்தால் நானே அவர்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

வடசேரிச்சந்தை
கொளச்சல் அண்ணன் கதையிலேயே விடை இருக்கிறது. பட்டைக்கு ஒரு சீட்டு, நிறத்துக்கு ஒரு சீட்டு என்று இரண்டு இல்லை, ஒரே சீட்டுதான். மொழியின் பெயரை மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும். அதனால்தான் அந்தப் பையனின் பொய் கோப்பைத் திறந்ததும் வெளியே தெரிந்தது.

கணக்கை மட்டும் தனியாகப் பிரிக்க வழி இருக்கிறது. லிங்குவிஸ்ட் ஹைஃபன் டிடெக்டபிள் சமம் ஃபால்ஸ். டீச்சர் ஒரே வரியில் இரண்டையும் எழுதலாம்: நட்சத்திரம் புள்ளி என், இடைவெளி, லிங்குவிஸ்ட் லாங்குவேஜ் சமம் பைத்தான், இடைவெளி, லிங்குவிஸ்ட் டிடெக்டபிள் சமம் ஃபால்ஸ். நிறம் பைத்தானிடம் இரவல், பட்டையில் பெயர் வராது. ஒரு சின்னக் குறை, எழிலில் நிபந்தனை அட் குறியில் தொடங்கும் அல்லவா? அதைப் பைத்தான் டெக்கரேட்டர் என்று நினைத்துக்கொண்டு அந்த வரிக்கு வேறு நிறம் போடக்கூடும்.

தக்கலைடீச்சர்
போட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறது! நெமெர்லே போய்விட்டது, பட்டையும் போய்விட்டது. அட் குறி வரிகள் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு தினுசாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கொளச்சல்கரை
இது எனக்குச் சம்மதம். அப்போ எனக்கும் ஒன்று சொல்லுங்கள். மீன் ஏலக் கணக்கு ரெப்போ, முழுக்க எஸ்க்யூஎல். அதில் பட்டையே கிடையாது. பொய் சொல்ல வேண்டாம், உண்மையைச் சொல்லவாவது வழி உண்டா?

முப்பந்தல்காத்தாடி
எஸ்க்யூஎல் தரவு வகையில் வருகிறது, அதுதான் கணக்கில் இல்லை. அதே டிடெக்டபிளை ட்ரூ என்று போடுங்கள். இந்த இழையில் நானும் ஒன்று கற்றுக்கொண்டேன் பாருங்கள்.

குலசேகரம்மழை
அண்ணே, மூன்று தப்பும் நிஜம். டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ரிப்போர்ட்ஸைச் சரியாக ஒதுக்கி மெயினில் சேர்த்தேன். இப்போது: ஜூப்பிட்டர் 48.9, சி 40.4, சி பிளஸ் பிளஸ் 6.0, எச்டிஎம்எல் 4.7. எச் கோப்புக்கான வரியை மட்டும் இப்போதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். திரும்பப் போட்டால் அந்த சி எல்லாம் சி பிளஸ் பிளஸ் ஆகி 46க்கு மேல் வந்துவிடும். போடட்டுமா?

வடசேரிச்சந்தை
நில். 190 கேபிக்கு எச் கோப்பு எப்படி வந்தது என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இண்டெக்ஸ் பக்கத்தையும் கிராஃப் போடுகிற ஸ்கிரிப்டையும் ஜிஜிப் முறையில் சுருக்கி, எண்வரிசையாக்கி எச் கோப்பில் வைத்திருக்கிறாயா? ஒன் எஃப், எய்ட் பி என்று தொடங்குமே?

குலசேகரம்மழை
ஆமா. போர்டிலிருந்தே பக்கம் வர வேண்டும் என்பதற்காக. அது மட்டும் 182 கேபி.

வடசேரிச்சந்தை
அதுதான். ஒரு பைட்டை எழுத ஐந்தாறு எழுத்து ஆகும், அதனால் ஊதிப்போய் நிற்கிறது. அது நீ எழுதினதும் இல்லை, சி பிளஸ் பிளஸும் இல்லை, ஸ்கிரிப்ட் துப்பினது. அதைச் சி பிளஸ் பிளஸ் கணக்கில் ஏற்றினால் கொளச்சல் அண்ணன் உன்னை விடமாட்டார், நானும் விடமாட்டேன். அந்தக் கோப்புக்கு லிங்குவிஸ்ட் ஹைஃபன் ஜெனரேட்டட் போடு. கணக்கிலிருந்து போகும், மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டிலும் அதன் மாற்றங்களை மடித்தே வைக்கும். வெண்டர்ட் என்றால் கணக்கிலிருந்து மட்டும்தான் போகும், மடிக்காது. மீதி எச் கோப்புகளுக்கு சி பிளஸ் பிளஸ் வரி போடு, அது நியாயம்.

குலசேகரம்மழை
செய்தேன். இப்போது ஜூப்பிட்டர் 79.9, சி பிளஸ் பிளஸ் 12.5, எச்டிஎம்எல் 7.6. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்புகிறது. நோட்புக்குக்கும் டிடெக்டபிள் ஃபால்ஸ் போட்டுவிடட்டுமா?

கொளச்சல்கரை
நோட்புக் நீ எழுதினதுதானே? அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

முப்பந்தல்காத்தாடி
230 கேபியும் அவன் எழுதினதில்லை அண்ணே. படங்கள் எழுத்தாக மாறி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். என்பிஸ்ட்ரிப்அவுட் என்று ஒன்று இருக்கிறது. கமிட் ஆகும்போது வெளியீட்டையெல்லாம் உரித்து, நிரலை மட்டும் வைக்கும். அதுவும் இதே கிட்ஆட்ரிபியூட்ஸில்தான் ஃபில்டர் என்று ஒரு வரி. உரித்த பிறகு மிச்சம் இருப்பது உன்னுடையது. அது பட்டையில் இருக்கட்டும்.

வடசேரிச்சந்தை
சரியான பேச்சு. அதே நியாயத்தில் ரிப்போர்ட்ஸும் ரெப்போவில் இருக்க வேண்டியதில்லை. ப்ளாட்லியில் நூலகத்தை உள்ளே வைக்காமல் சிடிஎன்னிலிருந்து (நூலகங்களை இணையத்தில் பொதுவாகத் தரும் சர்வர்) எடுக்கச் சொன்னால் மூன்றரை எம்பி சில கேபி ஆகிவிடும். பழைய கோப்பு வரலாற்றில் கிடக்கத்தான் செய்யும், அதை இப்போது தோண்டாதே. பட்டை கடைசி நிலையை மட்டும்தான் பார்க்கும்.

தக்கலைடீச்சர்
ஒரு சந்தேகம். பைட் கணக்கு என்றால் தமிழ் எழுத்துக்கு எப்படி? தம்பியின் பக்கம் தமிழில்தானே இருக்கும்?

வடசேரிச்சந்தை
நல்ல கேள்வி டீச்சர், எனக்குத் தோன்றவே இல்லை. யூடிஎஃப் எட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறி. ‘கன்னியாகுமரி’ என்று எழுதினால் 12 குறி, 36 பைட். ஆங்கிலத்தில் அதே ஊர் 11 பைட். தமிழில் குறிப்பு எழுதினால் அந்த மொழியின் பங்கு தானாக ஏறும்.

கொளச்சல்கரை
அந்த ஏற்றத்துக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஆரல்வாய்மொழி
இடையில் வருகிறேன், எங்கள் ஆபீஸில் கிட்ஹப் இல்லை, அதே மாதிரியான கிட்லேப். இதெல்லாம் அங்கே நடக்குமா?

வடசேரிச்சந்தை
நிறத்துக்கு அங்கே பண்பின் பெயர் வேறு: கிட்லேப் ஹைஃபன் லாங்குவேஜ். கோப்பு அதே கிட்ஆட்ரிபியூட்ஸ். சொந்த சர்வரில் கிட்டீ என்ற அதே மாதிரி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு லிங்குவிஸ்ட் பெயர்களே புரியும்.

குலசேகரம்மழை
இறுதி நிலவரம். நோட்புக்கை உரித்தால் 14 கேபிதான் இருந்தது. பட்டை: சி பிளஸ் பிளஸ் 50.0, எச்டிஎம்எல் 30.6, ஜூப்பிட்டர் 19.4. எச்டிஎம்எல்லை அப்படியே விட்டுவிட்டேன், கையால் எழுதினதுதானே. அப்பாவுக்காகத் தமிழில் எழுதினதால் டீச்சர் கேட்ட அந்த மூன்று மடங்கும் அதில் உண்டு.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த எண்வரிசைக் கோப்பை மடித்து வைத்த பிறகு, புல் ரிக்வெஸ்ட் ஒன்றை நண்பன் சும்மா திறந்து பார்த்திருக்கிறான். முன்பெல்லாம் ஆயிரக்கணக்கான வரி எண்ணாக ஓடும், யாரும் கீழே போனதில்லை. இப்போது நான்கு வரிதான் கண்ணில் பட்டது. கான்ஃபிக் கோப்பில், மானிக்குள் இருக்கும் சின்ன பக்கெட் மழைநீர் நிரம்பி ஒரு முறை சாய்ந்தால் 0.2 மில்லிமீட்டர் என்று நான் எழுதியிருக்கிறேன். நாங்கள் வாங்கின மானிக்கு 0.2794 என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. நூறு முறை சாய்ந்தால் 27.94 வர வேண்டிய இடத்தில் 20 என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், நான்கு மாதமாக.

முப்பந்தல்காத்தாடி
அடப்பாவி. அந்த வரைபடம் நான்கும்?

குலசேகரம்மழை
நான்கும் தப்பு. ஐப்பசி மழை முழுக்கக் குறைச்சல். நாளைக் காலை முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய் போர்டில் திரும்ப ஏற்ற வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.